இறக்கை வேற, இறகு வேற

அலிஃபார்ம்ங்கிற (aliform) அறிவியல் சொல்லுக்குத் தமிழ்ல "இறகு வடிவ"ன்னு எழுதுறத திரும்பத் திரும்பப் பாத்துட்டேன், இனிமேலும் சும்மா இருக்க முடியல. லத்தீன்ல ஆலான்னா இறக்கை, ஃபார்மான்னா வடிவம். அப்போ இறக்கை வடிவ, அவ்ளோதான். கிரேக்கத்துலேருந்து வந்த டெரிகாய்டுக்கும் இதே பொருள்தான், மண்டையோட்டுல ஸ்பீனாய்டு எலும்புலேருந்து கீழ இறங்குற பகுதிக்கு அந்தப் பேரு.

இறகுங்கிறது மயிலிறகு, கோழியிறகு. பறவை பறக்கும்போது ஒரு இறகு உதிர்ந்து விழும், இறக்கையா உதிரும்? "பழைய பாட்டுல இறகுன்னா இறக்கைன்னும் பொருள் இருக்கே"ம்பாங்க. இருக்கட்டும், பாட்டுக்கு அது சரி, கலைச்சொல்லுக்கு ஆகாது. ஏன்னா தாவரவியல்ல ரெண்டு வடிவமும் தனித்தனியா வருது. சில மரத்துண்ட குறுக்கா வெட்டி லென்ஸ் வச்சுப் பாத்தா, நீர் போற குழாயைச் சுத்தி வெளிறின திசு ரெண்டு பக்கமும் இறக்கை விரிச்ச மாதிரி நீண்டிருக்கும், அதுதான் அலிஃபார்ம் பாரன்கைமா. வேப்பிலை அப்படி இல்ல, நடுக்காம்போட ரெண்டு பக்கமும் சிற்றிலை வரிசையா இருக்கும், அது பின்னேட், லத்தீன் பின்னாவுலேருந்து வந்தது, இறகுன்னு அர்த்தம். "இறகு வடிவ" பொருந்துறது இங்கதான். ஆனா பாடப்புத்தகத்துல இதுக்கு "சிறகு வடிவ கூட்டிலை"ன்னு போடுறாங்க. சிறகடிச்சுப் பறக்குறதுன்னுதான சொல்றோம், யாராவது இறகடிச்சுன்னு சொல்லுவாங்களா? ஆக இறக்கைக்கு இறகு, இறகுக்கு சிறகுன்னு தலைகீழா மாத்தி வச்சுட்டு படிக்கிற புள்ளைங்கள மனப்பாடம் பண்ணச் சொன்னா எப்படி?

சுத்தத் தமிழ்ப் பற்றுல சிலர் "சிறை வடிவ"ங்கிறாங்க. குறுந்தொகையில "அஞ்சிறைத் தும்பி"ன்னு வருது, அதுல சிறைன்னா இறக்கைதான், அழகான சொல்லுதான், மறுக்கல. ஆனா இன்னிக்கு அதப் படிக்கிறவனுக்கு ஜெயில்தான் ஞாபகம் வரும். எல்லாருக்கும் தெரிஞ்ச இறக்கை கையிலயே இருக்கும்போது இது எதுக்கு?

மொழிபெயர்க்கிறவங்க இன்னொன்னையும் கவனிக்கணும், ஏலேட்ங்கிற (alate) சொல்லையும் "இறக்கை வடிவ"ன்னு போட்டுடாதீங்க. ஈசல் ஏலேட், அதுக்கு நிஜமாவே இறக்கை இருக்கு, அதனால "இறக்கையுள்ள"ன்னுதான் எழுதணும்.