அடித்த எழுத்து ஏன் தாமதமாகத் தெரிகிறது?

சுட்டியைச் சொடுக்கியே தொலைவிலுள்ள கணினியை இயக்க முடியும்போது, சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இன்னமும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்வது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒருமுறை எழுதிய கட்டளையை நூறு சர்வர்களில் அப்படியே ஓடவிடலாம் என்பது அனைவரும் அறிந்த காரணம். அடுத்தது அளவு. 1920 × 1080 பிக்சல் திரை ஒன்றைச் சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 62 லட்சம் பைட்டுகள் தேவை, தொலைவிலுள்ள கணினியின் திரையை நமக்குக் காட்டும் வி.என்.சி. போன்ற மென்பொருள்கள் மாறிய பகுதிகளை மட்டும் சுருக்கி அனுப்பிச் சமாளிக்கின்றன. வழக்கமான 80 × 24 எழுத்துத் திரையிலோ மொத்தமே 1,920 எழுத்துகள்தாம்.

ஆனால் எழுத்துத் திரைக்கும் ஒரு தொல்லை உண்டு. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, டாட்டு உலொனென் 1995இல் உருவாக்கிய, தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ளும் முறையான எஸ்.எஸ்.எச். வழியாக நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், மறையாக்கம் பெற்றுச் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்த பிறகே நம் திரையில் தோன்றுகிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. என்பதால், 10,000 கி.மீ. தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்வர 0.1 வினாடியாவது ஆகும். எவ்வளவு செலவழித்தாலும் அந்த இழையில் இதைக் குறைக்க முடியாது.

குறைக்க முடியாததை மறைக்கலாம் என்று கண்டதுதான் மோஷ். எம்.ஐ.டி.யின் கீத் வின்ஸ்டைனும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணனும் 2012இல் வெளியிட்ட இம்மென்பொருள், சர்வர் என்ன காட்டும் என்பதை ஊகித்து எழுத்தை உடனே திரையில் இடுகிறது. இணைப்பு மந்தமாக இருந்தால், உறுதியாகும் வரை அதற்கு அடிக்கோடும் இடுகிறது. கடவுச்சொல்லையும் இப்படிக் காட்டிவிடாதா? காட்டாது. புதிய வரிக்குச் சென்றதும் ஊகங்களை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றையாவது சர்வர் மெய்ப்பித்த பிறகே மற்றவற்றை வெளியிடுகிறது; கடவுச்சொல் கேட்கும் சர்வர் எதையும் திருப்பி அனுப்பாததால் ஊகமும் வெளிவருவதில்லை. அவர்கள் நடத்திய சோதனையில் 70 விழுக்காடு விசை அழுத்தங்களின் விளைவு உடனுக்குடன் தெரிந்தது. 3ஜி இணைப்பில் 503 மில்லிவினாடியாக இருந்த இடைநிலைத் தாமதம் 5 மில்லிவினாடிக்கும் கீழே இறங்கியது.

படம் திருத்தும் வேலைக்குச் சுட்டியால் இயக்கும் வரைகலை இடைமுகம் இன்றியமையாதது. ஆயினும் ஒரு சொடுக்கில் எந்தச் சாளரம் திறக்கும், அதில் என்ன இருக்கும் என்பதை நம் பக்கத்துக் கணினியால் முன்கூட்டி வரைய இயலாது. அங்கு ஊகிக்க எளிதானது சுட்டியின் அம்புக்குறி ஒன்றே. ஆகவேதான் பல ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்கள் அம்புக்குறியை மட்டும் நம் கணினியிலேயே வரைந்துவிட்டு, மற்ற அனைத்துக்கும் நம்மைக் காத்திருக்க வைக்கின்றன.