லாக் எழுதாத லோடு: வேர்ஹவுஸ் பேக்கப்ல ஒளிஞ்சிருக்கிற ஓட்டை

"டேட்டா வேர்ஹவுஸுக்கு தினமும் ஃபுல் பேக்கப் எடுக்கணுமா?"ன்னு சாங்கி பிசினஸ் பார்க்ல வேலை பார்க்கிற ஒரு வாசகர் கேட்டிருந்தார். டேட்டா வேர்ஹவுஸ்னா, கம்பெனியோட பல சிஸ்டத்துல இருந்தும் டேட்டாவைச் சேர்த்து ரிப்போர்ட்டுக்காக வச்சிருக்கிற பெரிய கிடங்கு. கொரியாவுல, தேஜோன்ல, 2025 செப்டம்பர்ல அரசாங்க டேட்டா சென்டர் தீப்பிடிச்சு 858 டெராபைட் சாம்பலாச்சே, அதைப் படிச்சதுல இருந்து அவரோட பாஸ் விடாம நச்சரிக்கிறாராம். நச்சரிக்கட்டும், நல்லதுதான். அங்க எரிஞ்சது அரசு ஊழியர்கள் ஃபைல் போட்டு வச்சிருந்த ஜி-டிரைவ், வெளியில ஒரு காப்பி கூட கிடையாது. ஏன்னு கேட்டா, சைஸ் ரொம்பப் பெருசாம். வேர்ஹவுஸ் வச்சிருக்கிறவங்க எல்லாரும் சொல்ற அதே சாக்கு.

சாக்குல கொஞ்சம் நியாயமும் இருக்கு. 100 டெராபைட்டை 10 கிகாபிட் லைன்ல தள்ளினா, லைன் முழு வேகத்துல ஓடினாலே 22 மணி நேரம் ஆகும், அதுக்குள்ள அடுத்த ராத்திரி லோடு, அதாவது புது டேட்டாவை ஏத்துற வேலை, வந்து நிக்கும். அதனால தினமும் ஃபுல் நடக்காது. எப்பவாவது ஒரு ஃபுல், நடுவுல மாறினதை மட்டும் எடுக்கிற இன்கிரிமென்டல், இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். எனக்குப் பிடிச்ச விஷயம் அதுக்கு அடியில இருக்கு, அதான் லாக், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையா எழுதி வைக்கிற குறிப்பேடு.

டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் நேரா டேபிள்ல முடிச்சுக்காது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில உட்கார்ந்து வட்டிக்கணக்கு பார்த்த செட்டியார் காலத்து வழக்கம்தான், முதல்ல சிட்டையில வரிசையா எழுது, அப்புறம் பேரேட்டுல ஏத்து. பேரேடு கிழிஞ்சா பழைய பிரதியை எடுத்து வச்சுக்கிட்டு சிட்டையை முதல்ல இருந்து படிச்சு ஏத்தினா கணக்கு திரும்ப வந்துடும். ஆனா ஏத்திக்கிட்டு இருக்கும்போதே மறுபடி கரன்ட் போச்சுன்னா? எது ஏத்தினது, எது ஏத்தாததுன்னு எப்படித் தெரியும்? இங்கதான் அழகு. லாக்ல ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண், டேபிளோட ஒவ்வொரு பக்கத்து தலையிலயும் கடைசியா தன் மேல ஏறின வரியோட எண். பக்கத்துல 500-ன்னு இருந்து கையில இருக்கிற வரி 480-ன்னா அது ஏற்கனவே ஏறிடுச்சு, தாண்டிப் போ. 510-ன்னா ஏத்து, எண்ணை மாத்து. அவ்வளவுதான், நூறு தடவை கரன்ட் போய் நூறு தடவை முதல்ல இருந்து ஓட்டினாலும் விடை மாறாது. இதை ஒழுங்கா ஒரு முறையா கோர்த்து 1992-ல ஏரிஸ்ங்கிற பேர்ல கொடுத்தது ஐபிஎம்ல இருந்த சி. மோகனும் அவர் கூட்டாளிகளும். மோகன் சென்னை ஐஐடியில கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர்ங்கிறது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

சரி, வேர்ஹவுஸ்ல என்ன கோளாறு? ராத்திரி பத்து கோடி வரியை லோடு பண்ணும்போது ஒவ்வொண்ணையும் லாக்லயும் எழுதினா விடியறதுக்குள்ள முடியாது, அதனால வேகத்துக்காக லாகிங்கை ஆஃப் பண்ணிடுறாங்க. ஆரக்கிள்ங்கிற டேட்டாபேஸ்ல இதுக்குப் பேரு நோலாகிங். டேட்டா நேரா டிஸ்க்குக்குப் போகும், லாக்ல "இந்த பிளாக்ல இருந்து அந்த பிளாக் வரைக்கும் என்னமோ எழுதினாங்க"ன்னு ஒரு குறிப்பு மட்டும் விழும். பிளாக்னா மேல சொன்ன பக்கம்தான். மெஷின் சும்மா ரீஸ்டார்ட் ஆனா ஒண்ணும் ஆகாது. டிஸ்க்கே போயி ஞாயிற்றுக்கிழமை பேக்கப்ல இருந்து லாக்கை ஓட்டி மீட்டா, செவ்வாய் ராத்திரி லோடு இருந்த இடத்துல ஓட்டை இருக்கும், ரெக்கவரி வெற்றின்னு சொல்லி முடிஞ்சிருக்கும், யாரோ அந்த டேபிளை ரிப்போர்ட்டுக்குத் திறக்கும்போதுதான் 26040-ன்னு, லாக் இல்லாம லோடான பிளாக் இதுன்னு சொல்ற எரர் வந்து நிக்கும்.

இதுக்கு வழி ரெண்டு. லோடு முடிஞ்ச கையோட ஒரு இன்கிரிமென்டல் எடுங்க, அது லாக்கைப் பார்க்காது, மாறின பிளாக்கையே காப்பி பண்ணும், அதனால ஓட்டை அடைபடும். இல்லன்னா சோர்ஸ்ல இருந்து லோடை மறுபடி ஓட்டுங்க. ரெண்டாவது மலிவு, ஆனா ஏமாத்தும். சோர்ஸ் சிஸ்டம் பழசை அழிச்சிருக்கலாம், அன்னிக்கு ரேட்ல சிங்கப்பூர் வெள்ளிக்கு மாத்தின ரிங்கிட் தொகை இன்னிக்கு ரேட்ல வேற மாதிரி வரலாம், லோடு புரோகிராமே நடுவுல மாறியிருக்கலாம். அதனால லோடு ஃபைல்களை, அடுத்த பேக்கப் முடிஞ்சு சரிபார்க்கிற வரைக்கும் அழிக்காதீங்க.

கணக்கு மூடின மாசங்கள் வேற சாதி. 2021 விற்பனை இனிமே மாறப்போறதில்ல, அந்த பார்டிஷனை, அதாவது டேபிள்ல அந்தக் காலத்துக்கான தனிப் பகுதியை, படிக்க மட்டும் விடுற ரீட்-ஒன்லி ஆக்கி, காப்பியை ரெண்டு இடத்துல வச்சுட்டு, தினசரி பேக்கப்ல இருந்து எடுத்துடுங்க. ரொம்ப வேர்ஹவுஸ்ல பெரும்பகுதி இதுதான், பாஸ் பயப்படுற சைஸ் இங்கயே கரைஞ்சிடும். ரெண்டு இடம்னா ரெண்டு ரேக் இல்ல, ரெண்டு கட்டடம். சிங்கப்பூர் லோயாங்ல 2024 செப்டம்பர்ல டேட்டா சென்டர் தீப்பிடிச்சதை நாமளே பார்த்தோம்.

ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைக்கிறதை நான் கிண்டல் பண்ண மாட்டேன், தைவான்ல குவாய் குவாய்ங்கிற பச்சைப் பொட்டலத்து நொறுக்குத்தீனியை சர்வர் மேல வைக்கிறாங்க, எக்ஸ்பைரி தேதி கூட பார்த்து மாத்துவாங்க. அந்த அக்கறையில பாதியாவது பேக்கப்ல இருந்து ரெஸ்டோர் பண்ணி, அதாவது மீட்டு, பார்க்கிறதுல இருந்தா சரி. புரோகிராம் கோடைச் சேமிச்சு வைக்கிற கிட்லேப்ங்கிற தளத்துல 2017 ஜனவரியில டேட்டா அழிஞ்சப்பதான், தினசரி பேக்கப் வெர்ஷன் பொருந்தாம ஃபெயில் ஆகிட்டிருந்ததே தெரிஞ்சுது, அந்த ஃபெயிலைச் சொல்ற மெயிலும் போய்ச் சேரல.

ரெஸ்டோர் ஒத்திகையில வரிசையும் முக்கியம். வங்கிகளோட முக்கிய சிஸ்டம் 4 மணி நேரத்துல எழுந்திருக்கணும்னு சிங்கப்பூர் மத்திய வங்கியான எம்ஏஎஸ் விதி, உங்க வேர்ஹவுஸ் அந்தப் பட்டியல்ல இல்லாட்டியும் பாஸ் அதையேதான் கேட்பார். முழுசும் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், முதல்ல கஸ்டமர், பொருள், தேதி மாதிரி சின்ன டேபிள்கள், அடுத்து இந்த மாச பார்டிஷன், அதோட ரிப்போர்ட்டைத் திறந்து விடுங்க. பழைய வருஷங்கள் பின்னாடி ஒவ்வொண்ணா வரட்டும், 2021-ஐ அன்னிக்குக் காலையில யாரும் கேட்கப் போறதில்ல.