ஜெர்ரிமேண்டர்: கோடு திரித்த கதை

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் சொல் 'ஜெர்ரிமேண்டர்'. அதிகாரத்தில் இருக்கும் கட்சி, தான் ஜெயிப்பதற்குத் தோதாகத் தொகுதி எல்லையை வளைத்து நெளித்து வரைந்துகொள்வதற்கு அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், யார் பெயரிலிருந்து இந்தச் சொல் பிறந்ததோ அவர் 'ஜெர்ரி' அல்லர், 'கெர்ரி'. அவர் பெயரைச் சரியாக உச்சரிப்பவர்கள்கூட சொல்லை 'ஜெ' போட்டுத்தான் சொல்கிறார்கள். இன்று அதுவே சரியென்று ஆகிவிட்டது.

எல்பிரிட்ஜ் கெர்ரி சாதாரண ஆள் இல்லை. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1787 அரசியலமைப்பில் கையெழுத்துப் போட மறுத்தவர். 1812 பிப்ரவரியில் மசாசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது, மாநில மேலவைத் தொகுதிகளை மாற்றியமைக்கும் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அவருக்கே அதில் அவ்வளவாக விருப்பமில்லை என்பார்கள். சட்டத்தைக் கொண்டுவந்தது அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சி. (இன்றைய இரு கட்சிகளின் பெயரும் இதில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; இது பழைய ஜெஃபர்சன் கட்சி.) எதிரே இருந்தது ஃபெடரலிஸ்ட் கட்சி.

எசெக்ஸ் மாவட்டத்தில் வந்த புதுத் தொகுதியைத்தான் ஊரே வேடிக்கை பார்த்தது. வடக்கே சேல்ஸ்பரியில் தொடங்கி, மாவட்டத்தின் விளிம்போடு நீண்டு வளைந்து, தெற்கே கெர்ரியின் சொந்த ஊரான மார்பிள்ஹெட் பக்கம் வந்து நின்றது. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெசட்' இதழ் அந்த வரைபடத்துக்குச் சிறகும் நகமும் கோரைப்பல்லும் வைத்துக் கேலிச்சித்திரமாக அச்சிட்டது. பார்த்தவர் ஒருவர் "சலமாண்டர் மாதிரி இருக்கிறதே" என்றாராம். இன்னொருவர் "இல்லை, கெர்ரிமேண்டர்" என்றாராம். சொன்னது யார் என்பதில் ஆளுக்கொரு கதை. சலமாண்டர் என்பது பார்க்கப் பல்லி போலவே இருக்கும், ஆனால் தவளைக்குச் சொந்தக்கார உயிரி.

கோடு வேலை செய்ததா? நன்றாகவே செய்தது. அந்த ஆண்டு மேலவைத் தேர்தலில் கெர்ரியின் கட்சி வாங்கியது 50,164 வாக்குகள், ஃபெடரலிஸ்ட்டுகள் 51,766. இடங்களோ குறைவாக வாங்கிய கெர்ரி கட்சிக்கு 29, கூடுதலாக வாங்கிய ஃபெடரலிஸ்ட்டுகளுக்கு 11! ஆளுநர் தேர்தலுக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதிதானே, அங்கே திரிக்க எல்லை ஏது? கெர்ரி தோற்றுப்போனார்.

பெயர்தான் 1812-இல் வந்தது, வித்தை அதற்கும் மூத்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நடந்த முதல் தேர்தலிலேயே வர்ஜீனியாவில் இந்தப் புகார் கிளம்பியது. அரசியலமைப்பை எதிர்த்த பேட்ரிக் ஹென்றியின் தரப்பு, ஜேம்ஸ் மேடிசனின் சொந்த மாவட்டத்தை அவருக்கு ஆகாத மாவட்டங்களோடு சேர்த்து ஒரே தொகுதியாக்கிவிட்டது என்றார்கள் அவருடைய ஆதரவாளர்கள். எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் மன்றோ. 1789 பிப்ரவரியில் மேடிசன் 1,308-க்கு 972 என்று ஜெயித்துவிட்டார். அதே மேடிசன் குடியரசுத் தலைவராக இருந்தபோது 1813-இல் துணைத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? கெர்ரிதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தொகுதி மறுவரையறை' பொருந்தாது. மக்கள்தொகை மாறும்போது முறைப்படி எல்லையைத் திருத்துவதற்கு உரிய சொல் அது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 'தொகுதி வரையறை மோசடி' என்றால் பொருள் வந்துவிடுகிறது, ஆனால் கள்ள ஓட்டு, வாக்குச்சாவடியைக் கைப்பற்றுவது போன்ற சட்டவிரோதக் காரியம் என்று தோன்றும். இதுவோ பெரும்பாலும் சட்டம் போட்டே செய்வது, அதுதான் இதன் சாமர்த்தியம்.

என் ஓட்டு 'தொகுதித் திரிப்பு' என்பதற்கு. கயிற்றையும் திரிக்கிறோம், ஒருவர் சொன்னதையும் திரிக்கிறோம். கோட்டின் முறுக்கலும் ஆளின் கள்ளத்தனமும் அந்த ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. எதிர்க்கட்சி வாக்காளர்களை ஒரே தொகுதியில் திணித்து அடைத்தாலும், நாலு தொகுதிக்கும் சிதறடித்தாலும், இரண்டுக்கும் இது பொருந்தும். வினையாக்குவதும் எளிது: "தேர்தலுக்கு முன்னாலேயே தொகுதியைத் திரித்துவிட்டார்கள்." கெர்ரியா ஜெர்ரியா என்ற தொல்லையும் இல்லை.