மஞ்சள் காமாலை: பச்சிலைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

நல்ல மழை பெய்துவிட்டால் போதும், வரப்போரம், வாய்க்கால் கரை, வீட்டுக் கொல்லை என்று எங்கு பார்த்தாலும் கீழாநெல்லி முளைத்துவிடும். புளிய இலை மாதிரி பொடிப்பொடியான இலை, அதன் அடியில் வரிசையாகத் தொங்கும் சின்னச் சின்னக் காய்கள். யாருக்காவது கண் மஞ்சளாகத் தெரிந்தால், "கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடு" என்று சொல்வதற்கு எந்தத் தெருவிலும் ஒரு பாட்டி இருப்பார். கல்லீரல் நோயாளிகளைப் பார்ப்பதே என் வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாற்றைக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சிலர் பையில் பாட்டிலோடும் வருவார்கள். அந்தச் செடி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதைக் குடித்துக்கொண்டே காத்திருக்கும் நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

மஞ்சள் காமாலை ஒரு தனி நோய் கிடையாது. பல நோய்கள் வெளியே காட்டும் ஒரே அடையாளம் அது. ரத்தத்தின் பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைக் கல்லீரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. இந்தப் பாதையில் எங்கே கோளாறு வந்தாலும் பிலிரூபின் ரத்தத்தில் தேங்கும். நூறு மில்லி ரத்தத்தில் 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது 3-ஐ நெருங்கும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிடும். கோளாறு கல்லீரலிலா, பித்தக் குழாயிலா, கணையத்திலா, ரத்தத்திலா என்று கண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

நம் ஊரில் அதிகம் வருவது ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்ற இரண்டு வைரஸ்களால் வரும் காமாலை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால் தெருவே படுத்துவிடும். இந்த இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். வைத்தியர் சொல்வதும் மூன்று ஞாயிற்றுக்கிழமை, வெறும் வயிற்றில் சாறு. கணக்கு அப்படியே பொருந்திவிடுகிறது. குடித்தேன், சரியாயிற்று என்று நோயாளி சொல்வது பொய்யே இல்லை. தம்பிக்கும் அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படியேதான் சரியாகியிருக்கும். கண்ணால் கண்ட இத்தனை சாட்சிகளுக்கு எதிரில் ஆய்வகச் சீட்டை நீட்டி "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று பேசும் மருத்துவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அப்படிப் பேசினால் நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் போனால் வைத்தியர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். டோக்கன் கிடையாது. "வாப்பா, எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டு, கண் இமையை இழுத்துப் பார்த்து, வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை வருடி, சாமி பேரைச் சொல்லி, சாற்றைக் கையில் கொடுப்பார். காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்று பலர் வாங்குவதே இல்லை. வெற்றிலை பாக்கோடு எதை வைத்தாலும் சரி. "பயப்படாத, எறங்கிரும்" என்று சொல்லி அனுப்புவார். பெரிய மருத்துவமனையில் பாதி நாள் வரிசையில் நின்றவருக்கு அந்த ஒரு வார்த்தை கிடைக்காது. பயந்துபோன மனிதருக்கு யாராவது தைரியம் சொல்வது சிகிச்சையில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியை நாங்கள் கைவிட்டோம், அவர்கள் விடவில்லை.

ஆனால் எல்லாரும் அந்தத் திண்ணை வைத்தியரைப் போன்றவர்கள் அல்ல. மாம்பட்டைச் சாறு தடவிய கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் தண்ணீர் மஞ்சளாகும். ஆரோக்கியமானவர் கழுவினாலும் அப்படித்தான் ஆகும். அதைக் காட்டி "பார், காமாலை இறங்குது" என்பவர்கள் இருக்கிறார்கள். பேய்ப்பீர்க்கங்காய்ச் சாற்றை மூக்கில் விடுகிறார்கள். மஞ்சளாக நீர் கொட்டும், ஆனால் அது சாற்றின் காரத்தில் மூக்கின் உட்சவ்வு புண்ணாகி வடிகிற நீர். இன்னும் சில ஊர்களில் மணிக்கட்டுக்கு மேலே சூடு போடுகிறார்கள். அந்தத் தழும்போடு வருபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். கல்லீரல் கெட்டிருக்கும்போது நோயை எதிர்க்கும் சக்தியும் குறைந்திருக்கும். சூட்டுப் புண்ணில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்தால் காமாலையைவிட அதுவே ஆபத்து.

கீழாநெல்லியை அறிவியல் ஒதுக்கித் தள்ளிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் புளூம்பெர்க். அவரும், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இதையே செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோதும் நம்பும்படியான சான்று இல்லை என்றே சொன்னது. நம் மண்ணின் செடிக்கு உரிய மரியாதையோடுதான் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். வென்றிருந்தால் இன்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

சரி, தானாகச் சரியாகாத காமாலைகள் எவை? இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வயதானவருக்கு வலியே இல்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறும். உடம்பெல்லாம் அரிக்கும். மலம் சுண்ணாம்பு நிறத்தில் போகும். இது பித்தக் குழாய் அடைபட்டதன் அடையாளம். உள்ளே கல் இருக்கலாம், கணையத்தில் புற்றுநோயும் இருக்கலாம். இந்த மாதிரி ஒரு கொத்தனார் வந்தார். இரண்டு மாதமாகப் பத்தியம், இரண்டு மாதமாகச் சாறு. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, அரிப்பில் சொரிந்து சொரிந்து முழங்கையெல்லாம் ரத்தக் கோடு. ஸ்கேனில் கணையத் தலைப்பகுதியில் கட்டி, பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. முதல் வாரமே வந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்திருக்குமா என்று அவர் மனைவி கேட்டார். இருந்திருக்கலாம்.

கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களை லேசாக விட்டுவிடும் ஹெபடைடிஸ் ஈ, கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவர்வரை உயிரைக் குடித்துவிடும். நடவு, களை என்று சேற்றில் நிற்பவர்களுக்குக் காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் வலித்து, மஞ்சளும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ஆனால் பென்சிலின் போன்ற சாதாரண மருந்துகளுக்கே கட்டுப்படும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அளவுக்கு மீறி ஏறினால் மூளை பாதிக்கலாம். அதற்கு நீல ஒளி சிகிச்சை இருக்கிறது. பச்சைக் குழந்தை வாயில் எந்தச் சாற்றையும் ஊற்றாதீர்கள்.

சொல்லக் கஷ்டமான ஒன்றும் உண்டு. வீட்டுச் சண்டையில் யாராவது எலி மருந்தைத் தின்றிருப்பார்கள். வாந்தி நின்றதும் தேறிவிட்டதாகத் தெரியும். சில நாள் கழித்துக் கண் மஞ்சளாகும்போது, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, காமாலை என்று பச்சிலைக்குக் கூட்டிப்போவார்கள். அந்த நாட்கள் பொன்னானவை. எங்களிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். மனசு தாங்காமல் இருப்பவர்கள் 104 உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

நம்பிக்கை நேராக உயிரை வாங்கும் இடமும் ஒன்று இருக்கிறது. கல்லீரல் செயலிழக்கத் தொடங்கினால் மூளை குழம்பும். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, சட்டையைக் கிழிப்பது, கையை நீட்டினால் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்வது. "காத்து கருப்பு பட்டுருச்சு" என்று பூசாரியிடம் கொண்டுபோய், அங்கே இரண்டு இரவு கழிந்த பின் நினைவில்லாமல் எங்களிடம் வந்த பிள்ளைகள் உண்டு. காமாலை வந்தவர் பேச்சு மாறினால் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். கும்பிட வேண்டிய சாமியை வண்டியிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உப்பில்லாமல், பருப்பில்லாமல் மோர்ச்சோறு மட்டும் கொடுத்து ஆளை வற்றடிக்கிறார்கள். சாதாரண வைரஸ் காமாலைக்கு உப்பை நிறுத்த வேண்டியதே இல்லை. இட்லி, பருப்பு, முட்டை, எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். குமட்டல் இருக்கும்போது எண்ணெயைக் குறைத்தால் போதும். சாராயத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். காமாலைக்கு நல்லது என்று தெருவோரக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுப்பார்கள். அதில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீர் என்று யோசியுங்கள்.

பச்சிலைக்குப் பக்கவிளைவே கிடையாது என்பதும் தவறு. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தினமும் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடி கலந்திருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் சொன்னது. அப்படியே வைத்துக்கொண்டாலும், எது சீந்தில், எது வேறு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பக்கம் காமாலைக்கு மருந்து கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் போய்ப் பேசினேன். "ஐயா, உங்க மருந்தை நிறுத்தச் சொல்லல. ரத்தப் பரிசோதனைச் சீட்டோட வந்தாத்தான் கொடுப்பேன்னு சொல்லிருங்க" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க சொல்றது நியாயம்தான். என்கிட்ட வந்து செத்தவனுக்கும் நான்தானே பதில் சொல்லணும்" என்றார். இப்போது அவர் அனுப்பி வருபவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளை அவர் தொடுவதே இல்லை.

அரசு மருத்துவமனையில் கேட்க வேண்டியவை இவை: கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம் காட்டும் ஐஎன்ஆர், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை, தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். ஹெபடைடிஸ் பி இருப்பதாக வந்தால், மஞ்சள் இறங்கிய பிறகும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலோர் வைரஸை வென்றுவிடுவார்கள். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கி, கல்லீரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடலாம். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடுகிறார்கள். நீடித்த தொற்றுக்கு மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சி கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரையும் அதே வாரம் கூட்டிவாருங்கள்.