மாதிரிக் கப்பலின் வயிறு: பலகையும் பெயின்ட்டும்

மொரீஷியஸ் தீவின் கியூர்பிப் ஊர்ப் பக்கத்துக் கடைகளில் மாதிரிக் கப்பல் வாங்கப் போகிறவர்கள் முதலில் பாய்மரத்தையும் கயிறுகளையும்தான் பார்ப்பார்கள். தொழில் தெரிந்தவர்கள் குனிந்து, அணியத்துக்கு (கப்பலின் முன்முனைக்கு) கீழே பலகைகள் எப்படி முடிகின்றன என்று பார்ப்பார்கள். அங்கே ஒவ்வொரு பலகையும் சீராகக் குறுகி, கப்பலின் அடிமரமான ஏராக்கட்டையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்க, இடைவெளிகளை லப்பம் வைத்து அடைத்திருந்தால், மேலே எத்தனை கயிறு கட்டியும் பயனில்லை.

கப்பலின் வயிறு நடுவில் பருத்து, முனைகளில் ஒடுங்குகிறது. நடு வங்கின் (பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின்) ஓரத்தில் ஒரு காகிதப் பட்டையை வளைத்து வைத்து, தளத்திலிருந்து ஏரா வரை அளந்தால் 100 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. பலகையில் இருபது வேண்டும். அதே அளவு அணியத்தில் 56 மி.மீ.தான் என்றால், இருபதும் அங்கே அடங்க ஒவ்வொன்றின் முனையையும் 2.8 மி.மீ. ஆகச் சீவ வேண்டும். இடையில் உள்ள வங்குகளிலும் இதே கணக்குப் போட்டுப் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கத்தியால் வெட்டிச் சின்ன இழைப்புளியால் நேராக்குவது முறை. பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. ஊசிபோல் மெலிந்த முனையில் பசையும் பிடிக்காது, ஆணியும் நிற்காது. அணியத்தில் 44 மி.மீ.தான் கிடைக்கிறது என்றால் கணக்கு 2.2 என்று வரும். அப்போது மூன்று பலகைகளை அணியத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, மீதி பதினேழுக்கு 2.6 மி.மீ. கொடுக்கலாம். பின்னணியத்தில், அதாவது பின்முனையில், சில கப்பல்களுக்கு நிலைமை நேர்மாறு: பரப்பு விரியும், இடையில் ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருக வேண்டியிருக்கும்.

சீவுகிற சோம்பலில் பலகையைப் பக்கவாட்டில் நெருக்கித் தள்ளுவதுதான் புதிதாகச் செய்பவர்களின் வழக்கம். உலோக அடிக்கோல் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: தட்டையாகச் சுலபமாக வளையும், ஓரத்தின் பக்கம் அசையாது. 5 மி.மீ. அகலமும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள பலகையும் அப்படித்தான். வளைய மறுக்கும் பலம் அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமாகக் கூடுவதால், ஓரத்தின் பக்கம் வளைக்க ஏறக்குறைய 11 மடங்கு விசை வேண்டும். அவ்வளவு விசை கொடுத்தால் பலகை வளைவதற்குப் பதில் முறுக்கிக்கொள்ளும். ஒரு ஓரம் வங்கை விட்டு எழும்பும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யப் போனால் பலகையே ஓட்டையாகும்.

பலகையைத் தொடுவதற்கு முன்பே வங்குகளின் விளிம்பைச் சாய்க்க வேண்டும். பிளைவுட்டில் நேராக வெட்டிய விளிம்பு அணியத்திலும் பின்னணியத்திலும் ஒரு கூர்முனையால் மட்டுமே பலகையைத் தாங்கும். நீளமான மெல்லிய பட்டை ஒன்றை மூன்று நான்கு வங்குகளின் மேல் படிய வைத்து, எல்லாவற்றிலும் முழுத் தடிமனும் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அலுப்பான வேலைதான். ஆனால் இதில் விட்ட குறை கடைசிப் பெயின்ட் வரை தெரியும்.

வளைப்பதற்கு லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்) மரப் பலகையை வெந்நீரில் கால் மணி முதல் அரை மணி வரை ஊற வைக்கலாம். மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின், ஈரத்தோடு சூடேறும்போது 100 டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். வளைத்துக் கிளிப் போட்டு, முழுக்கக் காய விட்டுப் பிறகே ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். ஒருபக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது மறுபக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் ஏராவே வில்லாக வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது.

நம் தீவில் மரத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. கியூர்பிப் மேட்டின் மழையிலும் ஈரக்காற்றிலும் மரத்தின் ஈரப்பதம் 16 சதவீதம் வரை போகலாம். அங்கே செய்த கப்பலைப் போர்ட் லூயியில் ஏசி ஓடும் அலுவலகத்தில் வைத்தால் அது 9 சதவீதத்துக்கு இறங்கும். ஒவ்வொரு சதவீதத்துக்கும் மரம் அகலவாக்கில் சுமார் 0.25 சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. வயிற்றில் அது 1.75 மி.மீ.; உள்ளே இருக்கும் பிளைவுட்டோ அந்த அளவுக்குச் சுருங்காது. எல்லா இணைப்பிலும் பசை ஒரே மாதிரி பிடித்திருந்தால் இழுவை பரவிவிடும். ஒரே ஒரு இணைப்பு பலவீனமாக இருந்தால் மொத்த விரிசலும் அங்கேதான். அதனால் வங்கின் மேல் மட்டுமல்ல, பலகையின் ஓரத்திலும் வெள்ளைப் பசை தடவ வேண்டும். தேக்குப் பலகை என்றால் அதன் எண்ணெயை அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுவது நல்லது. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. மழைநாளில் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் வெள்ளைப் பூச்சாகவும் படியும். வழிந்த இடத்தில் பிறகு சாயம் ஏறாது.

இந்தப் பலகைகளின் மேல் ஒட்டும் இரண்டாம் அடுக்குக்கு 0.5 மி.மீ. வால்நட் மரப்பட்டை போதும். பெயின்ட் அடிக்கப் போகிற கப்பலுக்கு அது வீண்செலவு. முதல் அடுக்கையே 120, 180, 240 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, ஷெல்லாக் பூசி அடைத்துவிடலாம். அதன் மேல் சாம்பல்நிற ப்ரைமர் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மறைந்திருந்த பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். பெயின்ட் பள்ளத்தை மறைக்காது, பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

லாக்கர் அடிப்பதாக இருந்தால் மழை விட்ட நாளாகப் பார்க்க வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதில் பனியாகப் படிந்து, பூச்சு பால்போல் வெளிறிவிடும். நீர்க்கோட்டைக் குறிக்கக் கப்பலை நேராக நிறுத்தி, மட்டமான மேசையில் கட்டை ஒன்றின் மேல் பென்சிலைக் கட்டிச் சுற்றி வந்தால் போதும். டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் ஏற்கெனவே அடித்திருக்கும் நிறத்தையே மெல்லிதாக அடிக்க வேண்டும். கசிவது அந்த நிறமாகவே இருப்பதால் அடுத்த நிறத்தின் கோடு சுத்தமாக வரும். சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் சிறிய கப்பலில் பொம்மைத்தனமாகத் தெரியும். இரண்டிலும் கொஞ்சம் சாம்பல் கலப்பது நல்லது.

அடிப்பாகத்தின் நிறம் மட்டும் நம் ரசனையைப் பொறுத்ததல்ல. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைத் தடுக்கப் பிரிட்டிஷ் கடற்படை ஒரு கப்பலின் அடி முழுவதும் செப்புத்தகடு போர்த்தி முதலில் சோதித்ததே 1761இல்தான். 1780களின் தொடக்கத்தில்தான் அதன் கப்பல்கள் பரவலாகச் செப்புப் போர்த்தின. எனவே 1744இல் நம் தீவை ஒட்டிய இல்தாம்பர் அருகே உடைந்த பிரெஞ்சுக் கப்பல் சேன் ஜெரானுக்குச் செப்பு அடி போட்டால் தவறு. கொழுப்பும் கந்தகமும் பிசினும் கலந்த வெளிறிய பூச்சுதான் அதற்குப் பொருந்தும். 1810இல் நம் தீவின் கிராண்ட் போர்ட்டில் போரிட்ட பிரிட்டிஷ் கப்பல்களுக்குச் செப்பு சரி. 4 அடிக்கு 14 அங்குலத் தகடு 1:64 அளவில் 19 மி.மீ.க்கு 5.6 மி.மீ. ஆகும். பின்னணியத்தில் தொடங்கி முன்னோக்கி ஒட்டினால், முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறி நிற்கும். ஓடும் நீர் விளிம்பைக் கிளப்பாமலிருக்க அசல் கப்பலிலும் அப்படித்தான் அடித்தார்கள்.