பலக்தாஸன்: பட்டிமன்றம் அல்ல, பாட்டு வாது

பிலிப்பைன்ஸ் இலக்கியத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது கவிஞர்கள் செய்யுளிலேயே வாதாடும் மேடைக்கலையைக் குறிக்கும் 'பலக்தாஸன்' என்ற சொல் வந்தால், பக்கத்திலேயே 'அதாவது பட்டிமன்றம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு சொல்லால் இந்தக் கலையின் உயிரே போய்விடுகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. 1838இல் வெளிவந்த 'புளோரந்தேவும் லௌராவும்' என்ற காவியத்தின் ஆசிரியர் பிரான்சிஸ்கோ பலக்தாஸ் (1788–1862). அவர் பெயரோடு பிலிப்பைன்ஸின் தகலாகு மொழியின் 'அன்' விகுதி சேர்ந்தால் பலக்தாஸன். பாரதிதாசன், கண்ணதாசன் போல இதில் 'தாசன்' எதுவும் இல்லை. 'பலக்தாசன்' என்று அச்சிட்டால் வாசகர் அதை ஒரு கவிஞரின் புனைபெயராகவே படிப்பார். இந்த இடத்தில் ஸகரம் வேண்டும்.

பலக்தாஸின் பிறந்தநாள் ஏப்ரல் 2. அதைக் கொண்டாடும் வழி தேடிய எழுத்தாளர்கள், இழவு வீடுகளில் இரவு கண்விழிக்க ஆடப்பட்ட 'துப்லோ' என்ற செய்யுள் விளையாட்டை மேடைக்கு ஏற்ப மாற்றினார்கள். 1924 ஏப்ரல் 6 அன்று மணிலாவின் தொண்டோ பகுதியில் முதல் அரங்கேற்றம். ஒரு மலர் யாருக்கு உரியது என்பது வழக்கு. பட்டாம்பூச்சியாக ஹோசே கொராசோன் தெ ஹேசுஸ், வண்டாக ஃபுளோரெந்தினோ கொல்யாந்தெஸ், நடுவராக லோப்பே கே. சாந்தோஸ்.

இதையா பட்டிமன்றம் என்பது? மணிமேகலை காலத்துப் பட்டிமண்டபம் சமயவாதிகள் ஏறிய இடம். இன்றைய பட்டிமன்றம் உரைநடைப் பேச்சு. அணிக்கு இருவர் மூவர், நகைச்சுவைத் துணுக்குகள், கடைசியில் தீர்ப்பு. பலக்தாஸனில் ஒரு வரிகூட உரைநடை கிடையாது. அடிக்குப் பன்னிரண்டு அசை (நம் நேரசை, நிரையசை அல்ல, ஓர் உயிரொலி கொண்ட ஒலித்துண்டு), ஆறாம் அசையில் நிறுத்தம், நான்கு அடிக்கும் இறுதியில் ஒரே இயைபு. எதிராளி விட்ட இடத்திலிருந்து எடுத்து, யாப்புக் குலையாமல் மறுக்க வேண்டும். 'லாகன்தீவா' எனப்படும் நடுவரும் அதே யாப்பில்தான் அவையை வணங்குவார், வழக்கைத் தொடங்குவார், முடிப்பார். பெண் நடுவர் என்றால் 'லாகம்பினி'. மொழிபெயர்ப்பில் நடுவரை உரைநடையில் பேசவிட்டால் பாதிக் கலை போயிற்று.

'கவியரங்கம்' என்பதும் பொருந்தாது. அங்கே ஆளுக்கொரு கவிதை படித்துவிட்டு இறங்குகிறார்கள், மறுமொழிக்கு இடமில்லை. 'பாட்டுப் போட்டி' என்றால் குரல்வளத்துக்குப் பரிசு கொடுப்பது. தஞ்சை வட்டாரத்து லாவணி நெருங்கி வருகிறது. மன்மதன் எரிந்தான், எரியவில்லை என்று இரு கட்சி கட்டி விடியவிடியப் பாட்டாலேயே மடக்கும் கலை அது. ஆனால் லாவணி இசையோடு பாடப்படுவது, பலக்தாஸன் உணர்ச்சியோடு ஒப்பிப்பது. 'பாப்போர்' என்று தனித்தமிழில் ஆக்கலாமே என்றால், ஓர் எழுத்து கூடினால் அது 'பார்ப்போர்' ஆகிவிடும். மேலும் ஒரு மலருக்காகக் கெஞ்சிக் கொஞ்சி வழக்காடுவதைப் போர் என்பது மிகை.

'பாட்டு வாது' என்பதே சரி. வாதுக்கு இழுத்தான், வாதுக்கு நின்றான் என்பதெல்லாம் நம் வாயில் பழகிய பேச்சு. 'வாது' வடமொழி வழி வந்தது என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. புரியாத தூய்மையைவிடப் புரிகிற பழஞ்சொல் மேல். இங்கே பாட்டு என்றால் செய்யுள், இசை அல்ல என்று முதல் முறை ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

இந்தச் செய்யுளைத் தமிழாக்குபவர்கள் எதுகை, மோனை தேடி அலைவதையும் நிறுத்தலாம். தகலாகு ஓசை ஒற்றுமை அடியின் இறுதியில் வருவது, நம் இயைபுத் தொடைக்கு உறவு. அதிலும் ஒரே மெய்யெழுத்து திரும்ப வர வேண்டியதில்லை. உயிரொலி ஒன்றாக இருந்து, இறுதி மெய் ஒரே இனமாக இருந்தால் போதும். ப, க, த, ஸ போன்றவை ஓர் இனம். ம, ன, ங, ல, ர, வ, ய இன்னோர் இனம். வல்லினம் ஒருபுறம், மெல்லினமும் இடையினமும் மறுபுறம் என்று பிரித்தாற்போல இருக்கிறது. இவ்வளவு வசதி கையில் இருந்தும் இந்தச் செய்யுளைப் புதுக்கவிதையாக உடைத்துப் போடுவது சோம்பல்.

இன்னொரு பிழையும் இதே கட்டுரைகளில் வருகிறது. இலோக்கானோ மொழியில் பெத்ரோ புக்கானெக் பெயரால் 'புக்கானெகன்', கப்பம்பாங்கன் மொழியில் ஹுவான் கிரிசோஸ்தமோ சோத்தோவின் பெயரால் 'கிரிஸ்ஸோத்தன்' என்று பாட்டு வாது உண்டு. இவற்றை 'பலக்தாஸனின் வட்டார வழக்கு வடிவங்கள்' என்கிறார்கள். இலோக்கானோவும் கப்பம்பாங்கனும் தகலாகின் வட்டார வழக்குகள் அல்ல, தனி மொழிகள். தகலாகு பேசுபவருக்கு அவை கேட்டால் விளங்காது. 1937இல் தகலாகை அடிப்படையாகக் கொண்டு தேசிய மொழி அறிவிக்கப்பட்டதால் மற்றவை கிளைமொழிகளாகிவிடவில்லை. அந்த மொழிக்காரர்கள் தங்கள் கவிஞர் பெயரிலேயே இந்தக் கலைக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். தமிழிலும் அந்தந்தப் பெயரோடு 'இலோக்கானோ பாட்டு வாது', 'கப்பம்பாங்கன் பாட்டு வாது' என்றே எழுத வேண்டும்.