இனிஷியலில் சிக்கிய ரீஃபண்ட்

தோகாவில் வேலை பார்க்கும் ஒருவர், பொங்கலுக்குத் திருச்சி வந்ததும் நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழ்வோர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வைப்புத்தொகைக்கு அந்த ஆண்டு 2,00,000 ரூபாய் வட்டி. வங்கி அதில் 31.2 சதவீதம், அதாவது 62,400 ரூபாயை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிட்டது. இந்தியாவில் வேறு வருமானம் கிடையாது. மொத்த வருமானமே வரி வரம்புக்குள்தான் என்பதால் வரியும் கிடையாது. பிடித்த முழுத் தொகையும் ரீஃபண்டாகத் திரும்ப வந்திருக்க வேண்டும். ஜூலையிலேயே ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்தும் பணம் வரவில்லை.

பான் அட்டையையும் பாஸ்புக்கையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருந்தது. பாஸ்புக்கில் ஒற்றை இனிஷியல். பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்பதில்லை. நம் ஊரிலோ பள்ளிச் சான்றிதழிலிருந்து வங்கிக் கணக்குவரை இனிஷியல்தான். ரீஃபண்ட் வரவேண்டிய கணக்கை வருமான வரித் துறையின் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்துவைக்க வேண்டும். பெயர் பொருந்தாததால் அந்தச் சரிபார்ப்பு தேறவில்லை. வங்கியில் பான் நகலோடு மனு கொடுத்துப் பெயரைத் திருத்தி, மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டை மீண்டும் அனுப்பக் கோரினோம். மூன்றாவது வாரம் பணம் வந்தது. உழைத்துச் சேர்த்த பணம் ஓர் எழுத்துக்காக அரை வருடம் காத்திருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பான் அட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதாருடன் இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. வெளிநாட்டில் வாழ்வோருக்கு அந்தக் கட்டாயம் இல்லைதான். ஆனால் துறையின் பதிவேட்டில் நீங்கள் இன்னும் உள்நாட்டில் வசிப்பவராகவே இருந்தால் உங்கள் பானும் முடங்கும். முடங்கிய பானுக்கு ரீஃபண்ட் கிடையாது. தளத்தில் உங்கள் வசிப்பிட நிலையை இன்றே பாருங்கள்.

ரிட்டர்னைத் தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் மின் சரிபார்ப்பும், அதாவது தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று இணையத்தில் உறுதிசெய்வதும், முடிய வேண்டும். அதற்கான ஆதார் ஓ.டி.பி. உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம்மை இழந்தவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். இந்தியாவில் வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் ரிட்டர்னில் வெளிநாட்டுக் கணக்கு ஒன்றைக் குறிப்பிட வழியுண்டு. இருப்பவர்கள் என்.ஆர்.ஓ. கணக்கையே கொடுங்கள். பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடு போன பிறகும் அப்படியே வைத்திருப்பது விதிமீறல், அதை என்.ஆர்.ஓ.வாக மாற்றிவிடுங்கள்.

‘உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே அழுத்துங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் தொடவே தொடாதீர்கள். தளத்துக்குள் நீங்களே நுழைந்து நிலவரத்தைப் பாருங்கள்.